விண்டேஜ் ஃபிளாட் டிராக் பைக்: எதை வாங்கலாம், என்ன பார்க்கணும், எப்படி விற்கணும்?

#1 மண்வளையம்

ஃபிளாட் டிராக் பந்தயத்துக்காக, அதாவது இடது பக்கமாகவே வளைந்து சுற்றும் அமெரிக்க மண் ஓவல்களில் (நீள்வட்டப் பாதைகளில்) 1950-களிலிருந்து 1980-களின் நடுப்பகுதி வரை ஓடிய பைக்குகளைப் பற்றிப் பேச இந்த இழை. முன் பிரேக் கிடையாது, லைட் கிடையாது, ரோட்டில் ஓட்ட வழியில்லை, பல வண்டிகளுக்கு டைட்டில் என்ற உரிமைக் காகிதமே இருந்ததில்லை. இருந்தும் நல்ல வண்டி ஒன்று ஏலத்துக்கு வந்தால் கேட்க ஆள் இருக்கிறது.

அப்படி என்ன ஈர்ப்பு இதில்? முதல் வண்டியாக எதை வாங்குவது சரி: டிரயம்ஃப், யமஹா எக்ஸ்எஸ்650, புல்டாகோ ஆஸ்ட்ரோ, ஹார்லி எக்ஸ்ஆர்-750? பிறகு விற்க நேர்ந்தால் எதையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தால் நல்லது? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். "செம வண்டி" என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம்.

#2 இடதுவளைவு

ஈர்ப்பிலிருந்தே தொடங்குகிறேன். எதை வாங்குவது என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

ஏஎம்ஏ (அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம்) 1934-ல் கொண்டுவந்த கிளாஸ் சி விதி, கடையில் விற்கிற வண்டியைத்தான் பந்தயத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. சைடு வால்வு எஞ்சினுக்கு (வால்வு சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வகை) 750 சிசி, ஓவர்ஹெட் வால்வுக்கு (வால்வு மேலே இருக்கும் வகை) 500 சிசி. 1952-ல் வந்த ஹார்லி கேஆர், பழைய சைடு வால்வு எஞ்சினை வைத்துக்கொண்டே பிஎஸ்ஏ கோல்டு ஸ்டாருக்கும் டிரயம்ஃப் 500-க்கும் எதிராக 1969 வரை நின்றது இந்த விதியால்தான். 1954 முதல் மைல், அரை மைல், ஷார்ட் டிராக் (சின்ன ஓவல்), டிடி (வலது வளைவும் தாவலும் உள்ள மண் பாதை), ரோடு ரேஸ் எல்லாவற்றிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் தேசியப் பட்டம். 1969 சீசனோடு அந்தப் பாகுபாடு போய், யாராக இருந்தாலும் 750 என்று ஆனது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகள்தான் இந்த விளையாட்டின் வளமான காலம். 1970 பட்டம் டிரயம்ஃபில் ஜீன் ரொமேரோவுக்கு, 1971 பிஎஸ்ஏவில் டிக் மானுக்கு, 1972 ஹார்லியில் மார்க் பிரெல்ஸ்ஃபோர்டுக்கு, 1973, 1974 யமஹாவில் கென்னி ராபர்ட்ஸுக்கு. நான்கு கம்பெனிகள் மாறி மாறி ஜெயித்தன.

அந்தக் காலத்தில் எஞ்சின் மட்டும்தான் கம்பெனியிலிருந்து வரும். ஃபிரேம் டிராக்மாஸ்டர், சாம்பியன், ரெட்லைன் மாதிரி சின்னப் பட்டறைகளில். சிலிண்டர் ஹெட் வேலை ஆக்ஸ்டெல் மாதிரி ஒரு டியூனரிடம். ஃபோர்க் இத்தாலியிலிருந்து செரியானி. அதனால் ஒரே மாதிரி இரண்டு வண்டி கிடையாது. ஒவ்வொரு வண்டியும் யாரோ ஒருவர் யோசித்து எடுத்த முடிவுகளின் தொகுப்பு. அந்த முடிவுகளை இன்றும் தொட்டுப் பார்த்துப் படிக்கலாம். முன் பிரேக் ஏன் இல்லை? வண்டி குறுக்காகச் சறுக்கிப் போகும்போது முன் சக்கரம் ஒரு கணம் நின்றாலும் விழுந்துவிடும். 1969 வரை ஓவலில் பின் பிரேக்கும் கிடையாது, 1970-லிருந்துதான் அனுமதி. ஆக, பின் பிரேக் பொருத்தவே இடமில்லாத ஹப் உள்ள வண்டி ஒன்றைப் பார்த்தால் அதன் வயது பற்றி ஒரு குறிப்பு கிடைக்கிறது. இப்படிப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த வண்டிகள் அலுக்கவே அலுக்காது.

#3 இரும்புச்செருப்பு

எக்ஸ்ஆர்-750 கேட்டிருந்தீர்கள். முதல் வண்டியாக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பக்கம் வரவும் கூடாது.

இரண்டு எக்ஸ்ஆர் உண்டு. 1970-ல் வந்தது இரும்பு ஹெட், இரும்பு சிலிண்டர். விதிப்படி 200 வண்டி செய்தாக வேண்டும் என்பதால் ஸ்போர்ட்ஸ்டர் வழி வந்த எஞ்சினை வைத்து அவசரமாகக் கட்டினார்கள். சூடு தாங்கவில்லை. சூட்டைக் குறைக்க கம்ப்ரெஷனைக் குறைத்தார்கள், பவரும் கூடவே போனது. "வாஃபிள் அயர்ன்" (வாஃபிள் சுடும் இரும்பு அச்சு) என்ற பட்டப்பெயர் அப்போது வந்தது. 1972-ல் அலாய் எஞ்சின்: போர் (சிலிண்டர் விட்டம்) பெரிது, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) சிறிது, சுமார் 79 × 76 மிமீ. இரண்டு 36 மிமீ மிக்குனி கார்புரேட்டரும் வலது பக்கம், இரண்டு சைலன்ஸர் குழாயும் இடது பக்கம் மேலே. ஜே ஸ்பிரிங்ஸ்டீன் 1976, 77, 78 என்று மூன்று பட்டம், ஸ்காட் பார்க்கர் ஒன்பது பட்டம், எல்லாம் அலாய் எக்ஸ்ஆரில். பைக்கில் தாவிச் சாகசம் காட்டிய ஈவல் நீவல் 1970-களில் தாவியதும் எக்ஸ்ஆரில்தான். பந்தயம் பார்க்காதவர்களுக்கும் இந்தப் பெயர் தெரிவதற்கு அது ஒரு காரணம், விலையிலும் அது தெரியும்.

இரும்பு எக்ஸ்ஆர் ஓட்டத்தில் தோற்றது, சேகரிப்பில் ஜெயித்தது. எண்ணிக்கை குறைவு, அதிலும் பலவற்றை உடைத்து பாகம் எடுத்துவிட்டார்கள். வாங்கி ஓட்டுவதாக இருந்தால் அலாய்.

பார்க்க வேண்டியவை: ஆரஞ்சு டேங்கையும் வால் பகுதியையும் மறந்துவிடுங்கள், அவை எந்த வண்டிக்கும் புதிதாகக் கிடைக்கின்றன. எண்ணைப் பாருங்கள். 1970-லிருந்து ஹார்லி எண்ணில் மாடல் குறி, ஐந்து இலக்கம், "ஹெச்", கடைசியில் ஆண்டின் ஒற்றை இலக்கம் வரும். ஹெச்2 என்று முடிந்தால் 1972. எண் அடித்த இடத்தின் மேற்பரப்பு சுற்றியுள்ள வார்ப்பின் சொரசொரப்போடு ஒத்துப்போகிறதா, அரத்தால் தேய்த்த தடம் இருக்கிறதா என்று சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணே இல்லாத கேஸும் (கிராங்க்கேஸ், எஞ்சினின் அடி உடல்) இருக்கும். பந்தயத்தில் கனெக்டிங் ராடு உடைந்து கேஸைக் கிழிப்பது சாதாரணம். மாற்று கேஸ் போட்டு அடுத்த வாரமே ஓடியிருப்பார்கள். அது குறையல்ல. அதை மறைத்துப் புது எண் அடிப்பதுதான் குறை.

கேஸில் சிலிண்டர் உட்காரும் விளிம்பைச் சுற்றியும், எஞ்சின் மவுன்ட் காதுகளிலும் பழைய வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முழு ரீபில்டுக்கு ஆகும் பணத்தில் நல்ல எக்ஸ்எஸ்650 ஒன்று வாங்கிவிடலாம். அதனால்தான் முதல் வண்டியாக வேண்டாம் என்கிறேன்.

#4 நிக்கல்_டியூப்

எஞ்சினைப் பிறகு சரி செய்துகொள்ளலாம். ஃபிரேம்தான் வண்டி. டிராக்மாஸ்டர், சாம்பியன் போன்ற நல்ல ஃபிரேம்கள் 4130 குரோம்-மாலி எஃகுக் குழாயில் செய்து நிக்கல் பூச்சு கொடுத்தவை. பெயின்ட் அடிக்காமல் நிக்கல் போட்டதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: விரிசல் விட்டால் உடனே கண்ணில் படும்.

விரிசல் வரும் இடங்கள்: ஸ்டியரிங் ஹெட்டுக்குப் பின்னால் உள்ள முக்கோணத் தகட்டின் முனை, ஸ்விங் ஆர்ம் பிவட்டின் இரு பக்கம், எஞ்சின் மவுன்ட் தகடுகள், ஷாக் மேல் முனை. சந்தேகம் இருந்தால் டை பெனட்ரன்ட் போடுங்கள். எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்து, சிவப்புத் திரவத்தை அடித்து 10 முதல் 20 நிமிடம் விட வேண்டும். மேலே உள்ளதைத் துணியால் துடைக்க வேண்டும்; கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம், நேராக அடித்தால் விரிசலுக்குள் இருப்பதும் கழுவிப் போய்விடும். பிறகு வெள்ளை டெவலப்பர். விரிசல் இருந்தால் சில நிமிடத்தில் சிவப்புக் கோடு எழும்பும்.

இன்னொன்று, இதை யாரும் விற்கும்போது சொல்ல மாட்டார்கள். டிரயம்ஃப் எஞ்சினுக்குச் செய்த பல ஃபிரேம்களில் முதுகுக் குழாயே ஆயில் டேங்க். இப்படிப்பட்ட ஃபிரேமைப் பளபளப்பாக்க ஒருபோதும் மணலையோ நுண்ணிய கண்ணாடி மணிகளையோ காற்றழுத்தத்தில் அடிக்கக் கூடாது. துகள் உள்ளே போய் மூலையில் தங்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் சூடான ஆயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வந்து பேரிங்கில் சேர்க்கும். புதிதாக நிக்கல் போட்ட ஆயில் ஃபிரேம் விற்பனைக்கு வந்தால், பூச்சுக்கு முன் எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், திரும்பி வரும் ஆயில் லைனில் ஒரு ஃபில்டர் போடாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

பூச்சுக்கு முன் ஆசிடில் ஊற வைப்பதாலும் ஒரு ஆபத்து: எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து உடையும் தன்மை வரும். பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி செல்சியஸில் சுட வைத்து அதை வெளியேற்ற வேண்டும். இதைத் தெரிந்த பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

#5 யாழ்_எஞ்சின்

முதல் வண்டிக்கு எக்ஸ்எஸ்650 எண்டு நான் அடிச்சுச் சொல்லுவன். 653 சிசி, 75 × 74 மிமீ, ஓவர்ஹெட் கேம், அஞ்சு கியர். பாகம் இண்டைக்கும் தாராளமாய்க் கிடைக்குது. கென்னி ராபர்ட்ஸின்ர இரண்டு பட்டத்திலும் இந்த எஞ்சின்ர வழிதான் மைல், அரை மைல் ஓட்டங்களில் நிண்டது.

ஆனால் ரோட்டு எஞ்சினும் பந்தய எஞ்சினும் ஒண்டில்லை. பாருங்கோ:

கிராங்க் அழுத்திப் பொருத்தினது. 7000 சுற்றுக்கு மேல நெடுக ஓட்டினால் கிராங்க் பின் திருகும். அதனால பந்தயத்துக்குக் கட்டினவை அந்தப் பின்னை வெல்ட் பண்ணியிருப்பினம். ஹெட் கழட்டியிருந்தால் கண்டுபிடிக்கிறது லேசு. தொழிற்சாலை அமைப்பில இரண்டு பிஸ்டனும் ஒண்டாய் ஏறி ஒண்டாய் இறங்கவேணும். உச்சியில வைச்சு அளக்காதேங்கோ, அங்க பிஸ்டன் அசையிறதே குறைவு. கிராங்கை உச்சியிலயிருந்து 90 டிகிரி திருப்பி, இரண்டு பிஸ்டனும் சிலிண்டர் விளிம்பிலயிருந்து எவ்வளவு கீழ நிக்குது எண்டு டெப்த் கேஜால பாருங்கோ. அந்த இடத்தில ஒரு டிகிரி திருகல் ஏறக்குறைய 0.65 மிமீ வித்தியாசம் காட்டும். அப்பிடி வித்தியாசம் இருந்தால் கிராங்க் வெளியில வரவேணும், வேற கதையில்லை.

சம்ப் (எஞ்சின்ர அடியில ஆயில் சேருற இடம்) ஃபில்டரின்ர கம்பி வலை கிழியிறது இந்த எஞ்சினுக்கு வழமை. கிழிஞ்சால் துகள் நேரே பம்புக்குப் போகும். வாங்கின அண்டைக்கே கழட்டிப் பாருங்கோ. கேம் செயின் டென்ஷனர் துகள் அங்கதான் சேரும், எஞ்சினுக்குள்ள என்ன தேயுது எண்டதும் அங்கதான் தெரியும்.

லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள காற்று ஏத்திக் கசிவை அளக்கிறது) கட்டாயம். எஞ்சினைச் சூடாக்கி, 100 பிஎஸ்ஐ காற்றுக் கொடுத்து, 10 வீதத்துக்குள்ள கசிவு எண்டால் நல்லது. 20 தாண்டினால் மேல் பகுதி வேலை இருக்கு. காற்று எங்கால போகுது எண்டு காது குடுத்துக் கேளுங்கோ: கார்புரேட்டர் வழி எண்டால் இன்லெட் வால்வு, சைலன்ஸர் வழி எண்டால் எக்ஸாஸ்ட் வால்வு, பிரீதர் வழி எண்டால் ரிங்.

#6 மண்வளையம்

நன்றி, இப்படித்தான் எதிர்பார்த்தேன். எக்ஸ்எஸ்650 பற்றி ஒரு துணைக் கேள்வி. வண்டியோடு ஒரு பெட்டி நிறைய ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) கொடுப்பார்கள் என்கிறார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது? அரை மைலுக்கு எது?

#7 யாழ்_எஞ்சின்

கணக்கு போட்டே சொல்லலாம்.

பின் டயர் 27 அங்குலம் எண்டு வையுங்கோ, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.15 மீட்டர். பிரைமரி (கிராங்குக்கும் கிளச்சுக்கும் இடையிலான கியர்) 72/27, அதாவது 2.667. டாப் கியர் 0.956. இரண்டையும் பெருக்க 2.55. முன்னால 17 பல்லு, பின்னால 44 எண்டால் 2.588. மொத்தம் 6.6. எஞ்சின் 7500-ல ஓட, சக்கரம் நிமிசத்துக்கு 1137 சுற்று, வேகம் மணிக்கு 147 கிலோமீட்டர். நல்ல அரை மைலின்ர நேர் பாதை முடிவில அந்த அளவுதான் வரும், அதால 17/44-ஐத் தொடக்கமாய் வைக்கலாம்.

பின்னால ஒரு பல்லு கூட்டினால் அதே வேகத்தில எஞ்சின் ஏறக்குறைய 170 சுற்று கூட ஓடும். மண் ஈரமாய், தளர்வாய் இருந்தால் சக்கரம் சுழண்டு சுற்று ஏறும், அப்ப ஒரு பல்லு குறைக்கலாம். மண் இறுகிக் கருநீலக் கோடு விழுந்திட்டால் பிடி கூடும், வளைவை விட்டு வெளிவர இழுக்கவேணும், ஒரு பல்லு கூட்டுங்கோ. முன் ஸ்ப்ராக்கெட் ஒரு பல்லு மாற்றம் பின்னால இரண்டரைப் பல்லுக்குச் சமன், அதால நுணுக்கமான மாற்றம் எல்லாம் பின்னாலதான். பின்னால 40 தொடக்கம் 48 வரை வைச்சிருந்தால் அரை மைலுக்குக் காணும்.

பார்ன்ஸ் மாதிரி குயிக் சேஞ்ச் ஹப் இருந்தால் ஸ்ப்ராக்கெட் மாத்துறது சில நிமிச வேலை. டயரின்ர ஒரு பக்கம் தேய்ஞ்சால் சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தையும் பாவிக்கலாம். எல்லா வளைவும் இடது பக்கம்தானே. அந்த ஹப்புக்கு எண்டே தனி விலை இருக்கு.

#8 ரெண்டு_ஸ்ட்ரோக்

எல்லாரும் 750 பத்தியே பேசுறீங்க. பட்ஜெட் கம்மியா இருக்கிறவங்களுக்கு ஷார்ட் டிராக் 250-தான் வழி. புல்டாகோ ஆஸ்ட்ரோ, ஓஸா எஸ்டி-1 ரெண்டுமே ஸ்பெயின் கம்பெனி நேரா அமெரிக்க மண் ஓவலுக்குன்னே செஞ்சு வித்த வண்டி. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் உள்ளரங்கப் பந்தயம் 1968-ல ஆரம்பிச்ச பிறகு இந்த சைஸ் வண்டிக்கு நல்ல கிராக்கி. கம்பெனி வண்டிங்கிறதால யார் கட்டினது, எந்த ஃபிரேம்னு குழப்பம் கிடையாது. தூக்கி வேன்ல வைக்க ஒரு ஆளு போதும்.

பிரச்சினை எங்க வரும்? வருஷக்கணக்கா நின்ன டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் சீல் கல்லு மாதிரி இறுகிடும். மேக்னெட்டோ பக்க சீல் போச்சுன்னா காத்தை உள்ள இழுத்து கலவை மெலிஞ்சு பிஸ்டன் பிடிக்கும். பிரைமரி பக்க சீல் போச்சுன்னா கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை. ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க. இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் அடைச்சு 6 பிஎஸ்ஐ காத்து ஏத்துங்க, ஆறு நிமிஷத்துல 1 பிஎஸ்ஐ-க்கு மேல இறங்கக் கூடாது. சோப்புத் தண்ணி தடவினா எங்க கசியுதுன்னு தெரிஞ்சிடும். ஆமணக்கு எண்ணெய் போட்டு ஓட்டின எஞ்சின்னா உள்ள பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், ரிங் பள்ளத்துலயே சிக்கிக்கும். பிளக் ஓட்டை வழியா டீசலும் ஏடிஎஃப்-பும் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) கலந்து ஊத்தி ரெண்டு நாள் ஊற வைக்காம கிராங்கைத் திருப்பாதீங்க.

#9 இடதுவளைவு

டிரயம்ஃப் பற்றி யாரும் எழுதவில்லை, எனவே நானே.

650, 750 டிரயம்ஃப் கிராங்குக்குள் ஒரு குழாய் இருக்கிறது, அழுக்கைப் பிடித்து வைக்க. வடிகட்டி இல்லாத எஞ்சின் என்பதால் கிராங்க் சுழலும் வேகத்தில் துகள்கள் அந்தக் குழாயின் சுவரில் படிந்து கெட்டியாகும். நிறைந்துவிட்டால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கில் சேரும் இடம்) ஆயில் போகாது. ஹெட்டைத் திறந்து வால்வு, பிஸ்டன் எல்லாம் புதிதாகப் போட்டு "முழு ரீபில்டு" என்று விற்பார்கள். இந்தக் குழாயைச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். அதற்கு கேஸைப் பிளந்தாக வேண்டும். குழாயைக் கோத்து நிற்கும் ஃபிளைவீல் போல்ட்டை முதலில் எடுக்க வேண்டும். முனை அடைப்பானைச் சுற்றியுள்ள பஞ்ச் தடத்தைத் துளையிட்டு நீக்கி, சூடு காட்டித் திருக வேண்டும். போல்ட்டை எடுக்காமல் குழாயை இழுத்தால் கிழிந்துவிடும்.

அடுத்தது, நீண்ட நாள் நின்ற வண்டி. டிரை சம்ப் எஞ்சின்களில் (ஆயிலைத் தனி டேங்கில் வைக்கும் வகை) டேங்கில் உள்ள ஆயில் பம்ப் வழியே மெல்ல இறங்கி கேஸில் நிரம்பிவிடும். அப்படியே ரோலரில் (பின் சக்கரத்தைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் கருவி) வைத்து ஸ்டார்ட் செய்தால் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சம்ப் பிளக்கைக் கழற்றி வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக் இரண்டையும் எடுத்து, பின் சக்கரத்தைச் சுற்றியே எஞ்சினைத் திருப்புங்கள். டேங்கில் திரும்பும் குழாயில் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிளக் போட வேண்டும். ஹார்லிக்கும் இதே முறைதான்.

ஏஆர்டி மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் தீப்பொறி தரும் கருவி) இருந்தால் அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு முன் தீப்பொறி வரும் என்பது, நிலையானது. 650-க்குக் கம்பெனி அளவு உச்சிக்கு முன் 38 டிகிரி. கம்ப்ரெஷன் ஏற்றிய எஞ்சினில் இன்றைய பம்ப் பெட்ரோல் போடுவதானால் இரண்டு டிகிரி குறைப்பது பாதுகாப்பு.

#10 நிக்கல்_டியூப்

டேங்க் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் டேங்க். பழைய பாலியெஸ்டர் ரெசின், எத்தனால் கலந்த பெட்ரோலில் கரையும். கரைந்த ரெசின் கார்புரேட்டர் வழியே போய் இன்லெட் வால்வுத் தண்டில் படிந்து, எஞ்சின் ஆறியதும் வால்வை கைடில் ஒட்டிவிடும். அடுத்த முறை திருப்பும்போது புஷ்ராடு வளையும். டேங்கின் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள்: பிசுபிசுப்பு இருந்தாலோ, வெளியே பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ வேலை ஆரம்பித்துவிட்டது.

உள்ளே சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கி சுவரைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை நீக்கி, பல நாள் முழுதாகக் காய விட்டு, நோவோலாக் வகை இரண்டு பாக எபாக்ஸியை ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்ற வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஊற்றினால் ஆறு மாதத்தில் தோலாக உரிந்து வரும். சீல் செய்திருந்தாலும் ஓட்டி முடித்ததும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். காலத்து பெயின்டும் எண்ணும் உள்ள அசல் டேங்க் கிடைத்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டுவதற்கு நகல் டேங்க் போடுவது மேல்.

#11 இரும்புச்செருப்பு

> காலத்து பெயின்டும் எண்ணும் உள்ள அசல் டேங்க்

இதை டேங்கோடு நிறுத்தக் கூடாது. வண்டி முழுவதற்கும் பொருந்தும். பந்தயம் முடிந்த நிலையிலேயே நிறுத்திய வண்டி, எல்லாவற்றையும் புதுப்பித்துப் பளபளப்பாக்கிய வண்டி, இரண்டில் முதலாவதுதான் உண்மையான சாட்சி. டெக் இன்ஸ்பெக்ஷன் (பந்தயத்துக்கு முன் வண்டிப் பரிசோதனை) ஸ்டிக்கர், ஓட்டுநர் கால் உரசித் தேய்ந்த இடம், டேப் சுற்றிய ஹேண்டில்பார், துளைபோட்டு எடை குறைத்த போல்ட், பாதுகாப்புக் கம்பி கட்டிய விதம் எல்லாம் யார் கட்டினார்கள் என்று சொல்லும். பெயின்ட் ரிமூவர் தடவிய நாளோடு அது போய்விடும், திரும்ப வராது.

#12 நிக்கல்_டியூப்

பாதி ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தி வைத்துப் பார்க்கிற வண்டிக்குச் சரி. ஏஹெச்ஆர்எம்ஏ (அமெரிக்கப் பழைய பந்தய பைக் சங்கம்) நடத்தும் விண்டேஜ் பந்தயத்தில் ஓட்டுகிற வண்டிக்கு, வெண்பொடி பூத்த மெக்னீசியம் ஹப்பையும் ஐம்பது வருட ஸ்போக்கையும் "சாட்சி" என்று விட முடியாது. ஓட்டுநர் உயிர் முக்கியம். என் வழி: வெளித்தோற்றம், அதாவது டேங்க், இருக்கை, எண் தகடு, ஸ்டிக்கர் தொடக் கூடாது. சுழல்வதும் தாங்குவதும், அதாவது ஹப், ஸ்போக், ஆக்ஸில், ஹேண்டில்பார், ஃபோர்க் கிளாம்ப், செயின், டயர் எல்லாம் மாற்றலாம். மாற்றிய ஒவ்வொன்றையும் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். டயர் தடம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பழைய குட்இயர் டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், கடினமானியை வைத்தால் 80-க்கு மேல் காட்டும். அதில் வளைந்தால் பிடியே இருக்காது. டயர் சுவரில் காலத்து எழுத்து இருந்தால் கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

#13 இரும்புச்செருப்பு

அந்த எல்லையை ஏற்கிறேன். பெட்டியில் வைப்பதுதான் முக்கியம். பலர் அதைச் செய்வதில்லை.

#14 ஏலக்குரல்

விற்பது பற்றி. மெக்கம் நிறுவனம் ஜனவரியில் லாஸ் வேகஸில் நடத்தும் மோட்டார் சைக்கிள் ஏலம், அலபாமாவில் பார்பர் விண்டேஜ் விழாவின் ஸ்வாப் மீட் (பழைய வண்டி, பாகச் சந்தை), அயோவாவில் டேவன்போர்ட் ஸ்வாப் மீட் ஆகிய மூன்றும் இந்த வண்டிகள் கைமாறும் இடங்கள். ஆனால் எல்லா வண்டிக்கும் ஏலம் சரியல்ல. பெயருள்ள ஓட்டுநர் ஓட்டியதற்கு ஆதாரம் உள்ள எக்ஸ்ஆர், கேஆர் என்றால் ஏலம். யார் கட்டியது என்று தெரியாத எக்ஸ்எஸ்650 என்றால் ஓட்டுகிறவர்களிடையே நேராக விற்பது நல்லது. அங்கே வாங்குபவருக்கு எஞ்சின் நிலை புரியும், ஏல மேடையில் பெயின்ட்தான் தெரியும்.

விலை ஒப்பிடும்போது இரண்டு தவறு நடக்கிறது. ஏலத்தில் விற்காமல் போன வண்டிக்குக் கடைசியாகக் கேட்கப்பட்ட தொகையை "விலை" என்று எடுத்துக்கொள்வது ஒன்று. வாங்குபவர் கமிஷன் சேர்த்த தொகையையும் சேர்க்காத தொகையையும் கலந்து பார்ப்பது இன்னொன்று.

விளம்பரத்தில் நான் மூன்று பத்தி எழுதச் சொல்வேன். முதல் பத்தியில் காலத்தது என்று உறுதியாகத் தெரிந்தவை. இரண்டாவதில் நகல் அல்லது புதிது. மூன்றாவதில் தெரியாதவை. இந்த மூன்றாவது பத்தி இருக்கிற விளம்பரத்தைத்தான் அனுபவசாலிகள் நம்பி வருகிறார்கள். "இன்னார் ஓட்டியதாகச் சொல்லப்படுகிறது" என்ற வரி ஆதாரம் இல்லாமல் எழுதவே கூடாது. ஆதாரம் என்றால் அந்த வண்டியிலேயே உள்ள அடையாளம் பழைய புகைப்படத்தில் தெரிய வேண்டும்: ஒரு கூடுதல் தகடு, ஃபிரேமில் ஒரு பழுது வெல்டிங், ஆயில் லைன் போகும் பாதை. எண் தகடு ஆதாரமல்ல, அது ஸ்டிக்கர்.

படங்கள்: எஞ்சின் எண் பக்கத்தில் அளவுகோல் வைத்து, ஃபிரேம் எண், ஸ்டியரிங் ஹெட் வெல்டிங் இரு பக்கம், ஸ்விங் ஆர்ம் பிவட், ஹப், கேஸின் அடிப்பகுதி. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ ஒன்று, வெட்டாமல்.

#15 மண்வளையம்

பிரித்துப் பாகமாக விற்றால் மொத்தம் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்களே?

#16 ஏலக்குரல்

கிடைக்கும். எக்ஸ்ஆர் கேஸ், செரியானி ஃபோர்க், குயிக் சேஞ்ச் ஹப், அசல் ஃபிரேம் எல்லாம் தனித்தனியாகக் கேட்பார்கள். இருந்தும் அப்படிச் செய்யாதீர்கள். ஃபிரேம், எஞ்சின், டியூனர் வேலை மூன்றும் ஒன்றாகப் பந்தயத்தில் ஓடியதற்கு ஆதாரம் உள்ள வண்டியைப் பிரித்தால் மூன்றும் பெயரில்லாத பாகமாகிவிடும். மறுபடி ஒருவர் அவற்றைத் தேடிச் சேர்த்தாலும் அது நகல்தான். ஏற்கெனவே பல கையில் பாகம் மாறிப் போன வண்டியென்றால் அது வேறு விஷயம். அங்கேயும் ஃபிரேமையும் எஞ்சினையும் சேர்த்தே விற்கப் பாருங்கள்.

#17 ரெண்டு_ஸ்ட்ரோக்

நடுவுல ஒண்ணு: இதெல்லாம் நம்ம ஊர்ல எங்க ஓட்டுறதுன்னு யாராவது கேப்பாங்க. ராயல் என்ஃபீல்டு சென்னைப் பக்கம் செய்யுற 650 ட்வினை வச்சு 2020-ல அமெரிக்கன் ஃபிளாட் டிராக் தொடர்ல இறங்கினாங்க. அவங்க நடத்துற ஸ்லைடு ஸ்கூல்ல சறுக்கி வளைக்கிறது எப்படின்னு கத்துக்கலாம். விண்டேஜ் வண்டி வாங்குறதுக்கு முன்னாடி அதைச் செஞ்சா, எந்தப் பாகம் எதுக்குன்னு உடம்புக்கே புரியும்.

#18 ஏலக்குரல்

கடைசியாகக் காகிதமும் பேக்கிங்கும்.

டைட்டில் இல்லாத பந்தய வண்டிக்கு பில் ஆஃப் சேல் (விற்பனை ரசீது) தான் எல்லாம். விற்பவர், வாங்குபவர் பெயர், முகவரி, தேதி, தொகை, எஞ்சின் எண், ஃபிரேம் எண் அல்லது "ஃபிரேம் எண் இல்லை" என்ற வரி, "பந்தயத்துக்கு மட்டும், சாலைப் பதிவு இல்லை" என்ற வரி, இருவர் கையெழுத்து. நோட்டரி முன் போட்டால் நல்லது. முந்தைய கைமாற்றங்களின் பில் இருந்தால் அசலையே கொடுத்துவிடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். அமெரிக்காவை விட்டு வெளியே அனுப்புவதானால், பழைய வாகனங்களுக்கு உரிமைக் காகிதத்தை ஏற்றுமதிக்கு 72 மணி நேரம் முன்பே துறைமுகச் சுங்கத்தில் காட்ட வேண்டும். டைட்டில் இல்லாத வண்டிக்கு எந்தக் காகிதத்தை ஏற்பார்கள் என்று அந்தத் துறைமுகத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பல் நாளன்று கேட்டால் வண்டி கிடங்கில் நிற்கும், வாடகை ஏறும்.

அனுப்பும் முன் பெட்ரோலை முழுதும் வடித்து டேங்க் மூடியைத் திறந்து காய விடுங்கள். டிரை சம்ப் எஞ்சின் என்றால் ஆயில் டேங்கையும் வடித்துவிட்டு, "ஆயில் இல்லை" என்று ஹேண்டில்பாரில் அட்டை கட்டுங்கள். ஃபோர்க்கை முழுதாக அழுத்திக் கட்டக் கூடாது. சீல் போகும், பழைய செரியானிக்கு சீல் தேடுவது எளிதல்ல. முன் சக்கரத்துக்கும் கீழ் கிளாம்புக்கும் நடுவில் மரக்கட்டை வைத்துப் பாதி அழுத்தத்தில் கட்டுங்கள். பட்டை ஃபைபர்கிளாஸ் மேல் எங்கேயும் தொடக் கூடாது. ஸ்ப்ராக்கெட் பெட்டியைத் தனியாக அனுப்புங்கள்: வண்டியோடு கட்டினால் வழியில் அவிழ்ந்து டேங்கைத்தான் முதலில் அடிக்கும்.